கிறிஸ்து அரசர் ஞாயிறு: அன்பியக் கூட்டத்தில் பேசச் சொன்னால் என்ன பேசுவது?

நவம்பர் பாதி தாண்டியதும் எந்தப் பங்கிலும் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார். "கிறிஸ்து அரசர் பெருவிழா வருது, இந்த வாரம் அன்பியத்துல நீங்களே ஒரு பத்து நிமிஷம் பேசிடுங்க" என்று பங்குத்தந்தையோ சிஸ்டரோ சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். (அன்பியம் என்பது பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டம்.) அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இது. மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர்களுக்கும் இதே சரக்கு போதும், கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் சரி.

வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இயேசு ராஜாதி ராஜா, அவர் நம் உள்ளத்தில் ஆட்சி செய்ய வேண்டும் என்று இரண்டு வாக்கியம், ஒரு பாட்டு, மன்றாட்டு, அப்புறம் சுண்டல். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போகும்போது, எந்த அர்த்தத்தில் அவர் அரசர், அதனால் எனக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி தொடப்படாமலே கிடக்கும். அந்தக் கேள்வியைத் தொடுவதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: பேச்சைச் சிலுவையில் இருந்து தொடங்குவது. பரலோகத்துச் சிம்மாசனம், பொன் கிரீடம், தேவதூதர் படை எல்லாம் உண்மைதான், ஆனால் அங்கிருந்து தொடங்கினால் நம் மனதில் இருக்கிற சினிமா ராஜாவுக்கு இயேசுவின் முகத்தை ஒட்டிவிட்டு வந்துவிடுவோம்.

ஆகவே முதலில் நீங்கள் பேசாதீர்கள், கூட்டத்தைப் பேச விடுங்கள். "ராஜா என்றதும் என்ன ஞாபகம் வருது?" என்று கேளுங்கள். அரண்மனை, யானை, படை, வரி, கோட்டை, அந்தப்புரம் என்று வரிசையாக வரும், பிள்ளைகள் இருந்தால் வாள்சண்டையும் வரும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு மத்தேயு 27:27-31 பகுதியை யாரையாவது நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். படைவீரர்கள் இயேசுவுக்குச் செந்நிறத் தளர் அங்கி போர்த்துகிறார்கள், முள்ளால் முடி பின்னித் தலையில் வைக்கிறார்கள், வலக்கையில் ஒரு கோலைக் கொடுக்கிறார்கள், முழந்தாள்படியிட்டு வாழ்க என்கிறார்கள். முடிசூட்டு விழாவில் என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே இருக்கிறது, எல்லாம் கேலிக்காக. பிறகு அதே கோலைப் பிடுங்கி அவர் தலையிலேயே அடிக்கிறார்கள். இதோடு யோவான் 19:19-20ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். குற்றப்பலகையில் "யூதர்களின் அரசன்" என்று எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்று மூன்று மொழிகளில் எழுதி வைத்தவன் உரோமை ஆளுநன் பிலாத்து. நற்செய்தி முழுவதிலும் இயேசுவை அரசர் என்று அரசாங்க முத்திரையோடு அறிவித்த ஒரே இடம் அவரைக் கொன்ற இடம்தான்.

இன்னொரு இடத்தையும் காட்டலாம். யோவான் 6:15. ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட உடனே மக்கள் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் அரசராக்கப் பார்க்கிறார்கள். நம் ஊர் அரசியல் தெரிந்த யாருக்கும் அது எப்படிப்பட்ட நேரம் என்று புரியும், கூட்டம் கையில் இருக்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது, கோஷம் தயார். அவரோ தனியாக மலைக்குப் போய்விடுகிறார். கொடுத்தபோது வேண்டாம் என்றவர், பிலாத்துவின் முன்னால் கட்டுண்டு நிற்கும்போது தம் ஆட்சியைப் பற்றி வாய் திறக்கிறார். இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாலே உங்கள் பத்து நிமிடத்தில் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது அந்த ஆண்டின் நற்செய்தி

விழா எப்போதும் நவம்பர் 20க்கும் 26க்கும் இடையில் வரும் ஞாயிறு, திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு, அதற்கு அடுத்த ஞாயிறு கிறிஸ்துமசுக்குத் தயாரிக்கும் திருவருகைக்காலம் தொடங்கிவிடும். வாசகங்கள் ஏ, பி, சி என்று மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான கணக்கு உண்டு: விழா வருகிற ஆண்டின் எண் 3ஆல் மீதியின்றி வகுபட்டால் அது மூன்றாம் ஆண்டு, அதாவது சி. 2025 அப்படித்தான் சி ஆண்டு. ஆகவே 2026 ஏ, 2027 பி, 2028 மறுபடியும் சி.

ஏ ஆண்டில் மத்தேயு 25:31-46, அரசர் மக்களை வலப்பக்கம், இடப்பக்கம் என்று பிரிக்கும் கடைசித் தீர்ப்பு. மூன்றில் இதில் மட்டும்தான் அவர் அரியணையில் உட்கார்ந்திருக்கிறார். சரி, கடைசியில் நம்ம ராஜா வந்துவிட்டார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அவர் இத்தனை நாளாக எங்கே இருந்தார் என்று சொல்லும்போது தூக்கிவாரிப் போடுகிறது: பசித்தவன், தாகமாயிருந்தவன், அந்நியன், ஆடையில்லாதவன், நோயாளி, சிறையில் இருந்தவன். வலப்பக்கம் நின்றவர்களும் இடப்பக்கம் நின்றவர்களும் கேட்கும் கேள்வி ஒன்றேதான், ஆண்டவரே எப்போது உம்மை அப்படிப் பார்த்தோம் என்று. நல்லவர்களுக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை, இதைக் கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் ஏழைக்கு உதவும்போது உள்ளுக்குள் ஏதோ பக்திப் பரவசம் வரவேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரவில்லை என்றாலும் கணக்கில் ஏறிவிடும். அதேபோல இடப்பக்கத்தவர்கள்மேல் கொலை, கொள்ளை என்று எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. செய்யாமல் விட்டதுதான் குற்றம்.

இந்த ஆறு பேருக்கும் உங்கள் ஊரில் முகவரி கேளுங்கள். அந்நியன் என்றால் யார்? ஞாயிறு பூசையில் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கும் வடமாநிலத் தொழிலாளர்களைக் கவனித்திருப்பீர்கள், கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் வந்தவர்கள், அவர்களில் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் இருந்து வந்த கத்தோலிக்கர்கள் உண்டு. மொழி புரியாமல் பூசை காண்கிறார்கள், சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் அவர்கள் பக்கம் திரும்புவதில்லை. இதைவிட நேராக இந்த நற்செய்தியைக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. சிறை என்ற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் பிள்ளை உள்ளே இருக்கலாம்.

பி ஆண்டில் யோவான் 18:33-37, பிலாத்துவின் விசாரணை. இதை ஒருவரே வாசித்தால் வீணாகிவிடும். பிலாத்துவுக்கு ஒருவர், இயேசுவுக்கு ஒருவர், மற்றதுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொடுங்கள். முன்னால் இருக்கும் 28ஆம் வசனத்தையும் சேர்த்துச் சொன்னால் காட்சி புரியும்: பாஸ்கா உண்ண வேண்டுமே, தீட்டுப்பட்டுவிடக்கூடாதே என்று குற்றம் சாட்டியவர்கள் ஆளுநர் மாளிகைக்குள் கால் வைக்கவில்லை. அதனால் ஆளுநன் வெளியே வந்து அவர்களிடம் பேசுகிறான், உள்ளே போய் இவரிடம் பேசுகிறான், மறுபடியும் வெளியே. அதிகாரம் கையில் இருப்பவன் அலைகிறான், கட்டுண்டவர் அசையாமல் நிற்கிறார். "எனது ஆட்சி இவ்வுலக ஆட்சி போன்றது அல்ல" என்கிறார், அப்படி இருந்திருந்தால் என் காவலர்கள் போராடியிருப்பார்கள் என்கிறார். தம் ஆட்சிக்கு அவர் கொடுக்கும் ஒரே அடையாளம், அதைக் காக்க யாரும் வெட்டுப்பட வேண்டியதில்லை என்பது. இந்த வசனத்தைக் காட்டி "அவருக்கும் உலக விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை" என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை, ஆட்சி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சொல்கிறாரே தவிர எங்கே செல்லாது என்று சொல்லவில்லை.

சி ஆண்டில் லூக்கா 23:35-43. எனக்குப் பிடித்தது இதுதான், பேசவும் சுலபம். சிலுவையைச் சுற்றி ஆட்சியாளர்கள், படைவீரர்கள், ஒரு குற்றவாளி என்று மூன்று தரப்பு, மூன்று பேரும் சொல்வது ஒன்றே: நீ மெசியாவென்றால், அரசனென்றால், உன்னையே காப்பாற்றிக்கொள். அதிகாரம் என்றால் முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது என்பது அவர்கள் எல்லாருக்கும் அவ்வளவு இயல்பாக இருக்கிறது. நான்காவதாக, கூடவே சிலுவையில் தொங்கும் இன்னொரு குற்றவாளி மட்டும் வேறு மாதிரி பேசுகிறார்: "இயேசுவே, நீர் ஆட்சியுரிமை பெற்று வரும்போது என்னை நினைவிற்கொள்ளும்." ஆண்டவரே என்றுகூடச் சொல்லவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தவறாகத் தீர்ப்பு சொன்ன பாண்டியன் தானே கள்வன் என்று சொல்லி உயிரைவிட்ட கதை தெரிந்த நமக்கு, தவறான தீர்ப்பில் தொங்கும் அரசரை ஒரு கள்வன் அடையாளம் கண்டுகொள்ளும் இந்த இடம் கூடுதலாகவே உறைக்கும். அந்த அரசில் முதல் ஆளாக நுழைந்தது அந்தக் குற்றவாளிதான், அதுவும் "இன்று என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பீர்" என்று இயேசு சொன்னபடி அன்றே.

1925ஐக் கொஞ்சம் சொல்லுங்கள்

வரலாறு சொன்னால் தூங்கிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம், இந்த வரலாறு தூங்க விடாது. இந்த விழாவை ஏற்படுத்தியவர் திருத்தந்தை 11ஆம் பயஸ், 1925 டிசம்பர் 11 அன்று வெளியிட்ட குவாஸ் பிரீமாஸ் என்ற சுற்றுமடலில். அது யூபிலி ஆண்டு, கி.பி. 325இல் நடந்த நிசேயா பொதுச்சங்கத்தின் 1600ஆம் ஆண்டும்கூட. முதல் உலகப் போர் முடிந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா மூன்றிலும் பேரரசர்கள் போய்விட்டார்கள், துருக்கியில் சுல்தானும் போய்விட்டார். காலியான இடத்துக்கு இத்தாலியில் முசோலினி வந்துவிட்டார், ரஷ்யாவில் கம்யூனிஸ்ட் கட்சி வந்துவிட்டது. கட்சியே எல்லாம், தேசமே எல்லாம், தலைவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்ற காலம் ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில்தான், உங்கள் எல்லாருக்கும் மேல் ஒருவர் இருக்கிறார் என்று இந்தத் திருத்தந்தை சொல்கிறார்.

இதில் ஒரு விசித்திரம். சொன்ன திருத்தந்தைக்கு அப்போது சொந்தமாக ஒரு நாடே கிடையாது. திருத்தந்தையர் ஆண்ட பகுதிகளின் கடைசித் துண்டான ரோமையும் 1870இல் இத்தாலி பிடித்துக்கொண்டது, அதிலிருந்து வத்திக்கானை விட்டு வெளியே வராமலே இருந்தார்கள், 1929இல் இலாத்தரன் உடன்படிக்கை வந்த பிறகுதான் வத்திக்கான் நகர நாடு என்று ஒன்று உருவானது. ஆக, இந்த விழா திருச்சபையிடம் அரசியல் பலம் குவிந்திருந்த காலத்தில் பிறந்தது இல்லை.

முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு, புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முன்னால் கொண்டாடினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969இல் திருவழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோது திருத்தந்தை 6ஆம் பவுல் இதை ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றினார். பெயரும் அனைத்துலகின் அரசர் என்று விரிந்தது. பழைய தேதியில் நாடுகளும் சமூகமும் அவருக்குக் கீழ்ப்பட வேண்டும் என்ற பொருள் தூக்கலாகத் தெரிந்தது, புதிய தேதியில் எல்லாம் கடைசியில் அவரிடம் போய் முடிகிறது என்ற பொருள். ஒன்றை வைத்து மற்றதை விட்டுவிடத் தேவையில்லை.

மெக்சிகோ கதையை நேரம் இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகள் இருந்தால் நேரம் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். 1926இல் அங்கே அதிபர் காயேஸின் அரசு திருச்சபைமேல் கடுமையான சட்டங்களைப் பாய்ச்சியது, பொதுவில் வழிபாடு நின்றுபோனது. மிகுவேல் அகுஸ்தீன் புரோ என்ற இளம் இயேசு சபைக் குரு மாறுவேடத்தில் சுற்றி, வீடு வீடாக நற்கருணை கொடுத்துக்கொண்டிருந்தார், சைக்கிளில் போவார், பிச்சைக்காரர் வேடமும் போடுவார், ஆள் நல்ல குறும்புக்காரர். ஒரு கொலைமுயற்சி வழக்கில் சம்பந்தப்படுத்தி, விசாரணையே இல்லாமல் 1927 நவம்பர் 23 அன்று மெக்சிகோ நகரில் சுட்டுக் கொன்றார்கள். கண்ணைக் கட்ட வேண்டாம் என்றார், ஒரு கையில் பாடுபட்ட சுரூபமும் (இயேசுவின் உருவம் பதித்த சிலுவை) மறு கையில் செபமாலையும் பிடித்துச் சிலுவைபோல் கைகளை விரித்து நின்று "வீவா கிறிஸ்தோ ரேய்", கிறிஸ்து அரசர் வாழ்க என்றார். மற்றவர்கள் பயப்படட்டும் என்று அரசே புகைப்படக்காரர்களை வரவழைத்திருந்தது, அந்தப் படங்களே பக்திப் படங்களாகப் பரவிவிட்டன. 1988இல் அவரை அருளாளராக அறிவித்தார்கள். அதே காலத்தில் அங்கே ஆயுதம் எடுத்துப் போராடிய கத்தோலிக்கர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டாம், ஆனால் புரோ துப்பாக்கி தூக்கியவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிலாத்துவிடம் இயேசு சொன்னதற்கு உருவம் கொடுத்தவர் அவர்.

எந்த உரிமையில் அவர் அரசர்?

திருச்சபை சொல்லும் பதில் இரண்டு. ஒன்று, அவர் இறைமகன், எல்லாம் அவர் வழியாக உண்டானது, ஆகவே இயல்பிலேயே உரியவர். இன்னொன்று, தம் இரத்தத்தை விலையாகக் கொடுத்து நம்மை மீட்டவர், 1 பேதுரு 1:18-19 அதைத்தான் சொல்கிறது. முதலாவதைக் கேட்டால் தலை வணங்கலாம், இரண்டாவதைக் கேட்டால்தான் நெஞ்சு இளகும். உலக அரசர்கள் குடிமக்களின் இரத்தத்தைக் கொண்டு நாடு பிடிப்பார்கள், 1 சாமுவேல் 8இல் சாமுவேல் அதைத்தான் முன்கூட்டியே எச்சரிக்கிறார், உங்கள் பிள்ளைகளைத் தேருக்கு இழுத்துக்கொண்டு போவான், விளைச்சலில் பத்தில் ஒன்று எடுத்துக்கொள்வான் என்று. இவர் தம்முடையதைக் கொடுக்கிறார்.

அப்புறம் இந்த அரசு எப்படிப்பட்டது என்பதற்கு வேறெங்கும் தேட வேண்டாம், அன்றைய திருப்பலியில் "தூயவர்" பாடலுக்கு முன் குரு சொல்லும் தொடக்கவுரையிலேயே இருக்கிறது: உண்மை, வாழ்வு, புனிதம், அருள், நீதி, அன்பு, அமைதி. நாம்தான் அந்த நேரத்தில் "தூயவர், தூயவர்" எப்போது வரும், எந்த மெட்டு என்று பாடகர் குழுவைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஞாயிறு பூசைக்கு முன்னாலேயே கூட்டத்தில் இதைச் சொல்லி வைத்தால் அன்று காதில் விழும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, நாமும் இந்த அரச பணியில் பங்குள்ளவர்கள். திருமுழுக்கில் தண்ணீர் ஊற்றியபின் குரு குழந்தையின் உச்சந்தலையில் கிறிஸ்மா எண்ணெய் பூசுவாரே, அது குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவோடு இணைக்கும் பூசுதல். வந்தவர்கள் போனில் ஒரு ஞானஸ்நானப் போட்டோவாவது இருக்கும், குழந்தை அழுதுகொண்டிருக்கும், ஞானப் பெற்றோர் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை எடுக்கச் சொல்லி, இந்த நொடியில்தான் இது நடந்தது என்று காட்டுங்கள். அரசராக இருப்பது என்றால் என்ன என்பதற்குத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், புனித அம்புரோசை மேற்கோள் காட்டி ஒரு பதில் தருகிறது: தன் உடலை அடக்கி, தன் ஆன்மாவை ஆளத் தெரிந்தவரே அரசர். கோபம் வந்தால் வாயை ஆளத் தெரியாதவன் ஊரை ஆண்டு என்ன பயன் என்று நம் பாட்டிமார் கேட்பார்களே, கிட்டத்தட்ட அதே. இன்னொரு பாதி, பணி செய்வது. மாற்கு 10:42-45 வாசித்தால் போதும், விளக்கமே வேண்டாம்.

கேள்விகள் வரும், தயாராகப் போங்கள்

"நாம குடியரசு நாட்டில இருக்கோம், அரசர் எதுக்கு?" என்று ஒரு இளைஞர் கேட்பார். நல்ல கேள்வி. விண்ணரசைத் தருகிறவர் மண்ணரசுகளைப் பறிப்பதில்லை என்பதைப் 11ஆம் பயஸ் அந்தச் சுற்றுமடலிலேயே நினைவூட்டுகிறார். அதே நேரம் பொது வாழ்க்கைக்கும் கிறிஸ்துவுக்கும் சம்பந்தமே இல்லை என்பது பெரிய தவறு என்றும் சொல்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில், நம்பிக்கை விஷயத்தில் யாரையும் வற்புறுத்தக்கூடாது என்று தெளிவாக்கிவிட்டது. சேர்த்துப் பார்த்தால், சட்டத்தை மதிக்கும் குடிமகனாக இருந்துகொண்டே, ஓட்டுக்குப் பணம் கொடுத்தால் வாங்காமல் இருப்பதும், தலைவர் சொன்னாலும் அநியாயத்துக்குத் துணைபோகாமல் இருப்பதும் இந்த அரசருக்குக் காட்டும் விசுவாசம். இதைத் தாண்டிக் கட்சி அரசியலுக்குள் போகாதீர்கள், கூட்டம் இரவு பத்து மணிவரை முடியாது.

"இது பைபிள்ல எங்கே இருக்கு?" என்று பெந்தெகோஸ்தே சபைக்குப் போகும் உறவினர் கேட்டதாக ஒருவர் சொல்வார். விழா 1925இல் வந்தது, விஷயம் கபிரியேல் தூதர் மரியாவிடம் பேசியதிலேயே இருக்கிறது, "அவரது ஆட்சிக்கு முடிவே இராது", லூக்கா 1:33. லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் பலவும் இந்த விழாவைப் பின்னால் எடுத்துக்கொண்டன என்பதையும் சொல்லலாம். மாதா எப்படி அரசி என்று கேட்டால் 1 அரசர்கள் 2:19, சாலமோன் தன் தாய்க்கு எழுந்து வணக்கம் செய்து வலப்பக்கத்தில் இருக்கை போட்ட இடம்.

கடினமான கேள்வி ஒன்றுதான். "அவர் அரசர்னா ஏன் உலகம் இப்படி இருக்கு?" பவுல் 1 கொரிந்தியர் 15இல் பதில் சொல்கிறார், எல்லாப் பகைவரும் அடிபணியும்வரை அவர் ஆட்சி செய்தாக வேண்டும், கடைசிப் பகைவன் சாவு. அதாவது ஆட்சி தொடங்கிவிட்டது, முடியவில்லை, அதனால்தான் தினமும் "உமது ஆட்சி வருக" என்று செபிக்கிறோம். இதைக் கேள்வியாகக் கேட்பவருக்கு இந்தப் பதில் போதும். கேட்பவர் அந்த ஆண்டு வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவராக இருந்தால் வசனம் எதுவும் சொல்லாதீர்கள், கூட்டம் முடிந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அந்த வாரம் வீட்டில் என்ன செய்வது

கேட்டுவிட்டுப் போனால் போதாது, ஏதாவது செய்யக் கொடுக்க வேண்டும். குவாஸ் பிரீமாஸ் நான்கு இடங்களைச் சொல்கிறது, அவர் நம் அறிவிலும் விருப்பத்திலும் இதயத்திலும் உடலிலும் ஆட்சி செய்ய வேண்டும் என்று. அறிவுக்கு, அந்த வாரம் தினமும் இரவு நற்செய்தியில் இந்த விழாவுக்குரிய பகுதியை வீட்டில் ஒருவர் வாசிக்கட்டும், அதிகம் போனால் பதினாறு வசனம்தானே. இதயத்துக்கும் உடலுக்கும் ஒப்புரவு அருள்சாதனம், ஆண்டு முடிகிறது, நல்ல நேரம்.

விருப்பம்தான் சிக்கல். எந்த முடிவில் அவரைக் கேட்காமலே நாம் முடிவு செய்கிறோம் என்று வீட்டில் பேசிப் பாருங்கள். பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது சாதி, பவுன், கார் எல்லாம் பேசி முடித்துத் தேதி குறித்த பிறகுதான் கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிச் சாமியாரிடம் போகிறோம். சொத்துப் பிரிக்கும்போது அக்கா தங்கைக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான கத்தோலிக்க வீடுகளில் நடுக்கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படம் இருக்கும், கீழே சின்ன சிவப்பு பல்பும் எரியும். அதை வெறும் சாமி படமாக மாட்டி வைப்பதில்லை, இந்த வீட்டுக்கு இவரே தலைவர் என்று ஏற்றுக்கொண்டு நிறுவுவது. பேரம் எல்லாம் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நடக்கிறது. அந்த வாரம் படத்தைத் துடைத்து, குடும்பமாகச் சேர்ந்து நின்று ஒப்புக்கொடுத்தலைப் புதுப்பியுங்கள். அப்படியே பாக்கியிருக்கிற ஒரு முடிவை எடுத்து அவர் முன்னால் வையுங்கள், ஒன்றே ஒன்று போதும்.

பவனி பற்றி

தமிழ்ப் பங்குகள் பலவற்றில் அன்று மாலை நற்கருணைப் பவனி உண்டு. நீங்கள் பங்குப்பேரவையிலோ விழாக் குழுவிலோ இருந்தால் சில விஷயங்களை முன்கூட்டியே பேசி வையுங்கள். முதலில் ஃபிளக்ஸ். அரசர் ஸ்டாம்ப் சைஸில் மேல் மூலையில் இருப்பார், நன்கொடை கொடுத்தவர்கள் ஆளுயரத்தில் கூலிங் கிளாஸோடு நிற்பார்கள், விழா யாருக்கு என்று வழிப்போக்கருக்குக் குழப்பம் வரும். வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், அச்சடித்த பிறகு சொன்னால் மனஸ்தாபம்தான். வெடி போடுவதாக இருந்தால் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரம் குடையின் கீழ் வரும்போது போடாதீர்கள், செபம் எதுவும் கேட்காது. முதியவர்கள் நடக்க முடியாத இடத்தில் நாற்காலி போட்டு வையுங்கள், ஆம்புலன்சுக்கு வழி விடத் தொண்டர்களை நிறுத்துங்கள்.

பெரிய விஷயம் பாதை. நற்கருணை எந்தத் தெரு வழியாகப் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்பது பல ஊர்களில் எழுதப்படாத சட்டம், அந்தச் சட்டத்தை எழுதியது சாதி. கல்லறையைக்கூடப் பிரித்து வைத்திருக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அனைத்துலகின் அரசர் என்று மைக்கில் பாடிக்கொண்டு, அவரை அந்தத் தெரு முனையோடு திருப்பிக்கொண்டு வருவது என்ன வழிபாடு என்று யாராவது கேட்டாக வேண்டும். உடனே மாறாது, சண்டையும் வரலாம். ஆனால் குழுக் கூட்டத்தில் பாதை வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்து, "போன வருஷம் இங்க போகலையே, இந்த வருஷம் போகலாமா சாமி?" என்று எல்லார் முன்னாலும் குரலை உயர்த்தாமல் கேட்பது உங்களால் முடியும். மழுப்பலான பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான், அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள். பூசைக்கு வராமல் வாசலில் நிற்பவர்களை, படுத்த படுக்கையாக இருப்பவர்களை அந்தப் பாதையில் எங்கெங்கே சந்திக்கலாம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு வீட்டு முன்னால் ஒரு நிமிடம் நின்றால் பவனி ஒன்றும் தாமதமாகிவிடாது.

கடைசியாக ஒப்புக்கொடுத்தல் செபம். மனுக்குலத்தை இயேசுவின் திரு இருதயத்துக்குத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் (லியோ) 1899இல் ஒப்புக்கொடுத்தார், அதை ஆண்டுதோறும் இந்த விழாவில் புதுப்பிக்க வேண்டும் என்று 11ஆம் பயஸ் கேட்டுக்கொண்டார். அன்று அந்தச் செபத்தைப் பொதுவில் சொல்பவர்களுக்கு, ஒப்புரவு, நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் என்ற வழக்கமான நிபந்தனைகளோடு பரிபூரண பலனும் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்குதல்) உண்டு. எந்தப் பிரதியைப் பயன்படுத்துவது என்று பங்குத்தந்தையிடம் முந்தின வாரமே கேட்டு வாங்கிப் பெரிய எழுத்தில் நகலெடுத்து வையுங்கள், மாலை வெளிச்சத்தில் பெரியவர்களால் சின்ன எழுத்தைப் படிக்க முடியாது. ஒருவர் முன்சொல்ல மற்றவர்கள் பின்சொல்வதைவிட எல்லாரும் சேர்ந்து மெதுவாகச் சொல்வது நல்லது. நகல் ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போடாமல் கொஞ்சம் கூடவே எடுங்கள், மறுநாள் காலையில் வராதவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.